ஜாஸ் ரசிகர்கள் பலமுறை கேட்டும் பெயரைக் கவனிக்காமல் விட்ட பேஸ் கலைஞர் யார்?

என்னைக் கேட்டால் ஜார்ஜ் ம்ராஸ். பேஸ் என்றால் வயலின் மாதிரியே இருக்கும், ஆள் உயர, கனத்த ஒலி தரும் தந்தி வாத்தியம். 1944-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் பீசெக் நகரில் பிறந்தவர், ஊரில் பெயர் யிர்ஷி ம்ராஸ். பள்ளிக்கூட நாட்களில் சாக்ஸபோன்தான் வாசித்தார். வாரக்கடைசிகளில் ஒரு குழுவோடு போவார், அங்கே பேஸ் வாசித்தவருக்குச் சுரமே சரியாக விழாதாம். இதில் அப்படி என்ன கஷ்டம் என்று இடைவேளையில் அந்த வாத்தியத்தை எடுத்துத் தானே வாசித்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் பார்த்தால் 1961-ல் பிராக் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பேஸ் மாணவர்!

படிப்பு முடிந்ததும் ம்யூனிக், அங்கே பியானோ கலைஞர் மால் வால்ட்ரன் போன்றவர்களோடு கிளப் வாசிப்பு. 1968-ல் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் பிராகுக்குள் சோவியத் டாங்கிகள் வந்துவிட்டன, அவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி கூப்பிட்டார், சில வாரங்களிலேயே பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன் கூப்பிட்டார். பெரிய பேஸ் கலைஞரான ரே பிரவுன் பீட்டர்சனோடு வருடக்கணக்கில் நின்று வாசித்த இடம் அது, சும்மா யாரையும் நிறுத்த மாட்டார்கள். பிறகு தாட் ஜோன்ஸ்-மெல் லூயிஸ் ஆர்க்கெஸ்ட்ரா, சாக்ஸபோன் கலைஞர்கள் ஸ்டான் கெட்ஸ், ஆர்ட் பெப்பர் என்று பட்டியல் நீளும்.

எனக்கு இதிலெல்லாம் பெரியதாகத் தெரிவது வேறு. சார்லஸ் மிங்கஸே பேஸ் மேதை, அவர் 1977-ல் பதிவு செய்த 'த்ரீ ஆர் ஃபோர் ஷேட்ஸ் ஆஃப் ப்ளூஸ்' ஆல்பத்தில் ரான் கார்ட்டரோடு இவரையும் பேஸ் வாசிக்க வைத்தார்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், பியானோ கலைஞர் டாமி ஃப்ளானகனோடு 1978-ல் பதிவு செய்த 'பாலட்ஸ் அண்ட் ப்ளூஸ்'. பெரும்பாலும் இருவர் மட்டும்தான், டிரம்ஸ் கிடையாது, அதனால் பேஸ் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. தாளத்தையும் இவரே தாங்கவேண்டும், தனி ஆவர்த்தனம் வரும்போது பாடவும் வேண்டும், இரண்டையும் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறார். இவ்வளவு சுத்தமான சுருதி பேஸில் அபூர்வம், வில் போட்டு இழுக்கும்போது அது இன்னும் தெளிவாகத் தெரியும். சரி, பக்கவாத்தியமாகவே இருந்ததால்தான் பெயர் வெளியே வரவில்லை என்று நினைக்கிறேன், அவர் பெயரில் வந்த ஆல்பங்கள் குறைவு.

அதில் ஒன்றை மட்டும் விடாதீர்கள்: 2001-ல் வந்த 'மொராவா'. பெரும்பாலும் செக் நாட்டின் மொராவியா பகுதி நாட்டுப்பாடல்கள். ஜுஸானா லாப்சிகோவா பாடிக்கொண்டே சிம்பலம் என்ற தந்தி வாத்தியத்தைச் சின்னக் குச்சிகளால் தட்டி வாசிக்கிறார், எமில் விக்லிட்ஸ்கி பியானோ, பில்லி ஹார்ட் டிரம்ஸ். ம்ராஸ் 2021-ல் காலமாகிவிட்டார்.

எதைக் கேட்டாலும் ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸ் பாதிகூட வராது.