செல்லோவைக் கம்பால் அடிக்கும் பெண்

அன்புள்ள ஐயா,

ருமேனியாவின் ஜிமெஷ் பள்ளத்தாக்கில் ஹங்கேரிய மொழி பேசி வாழும் சாங்கோ மக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, யூடியூபில் தேடி அவர்கள் இசையைக் கேட்டேன். கணவர் வயலின் வாசிக்கிறார், மனைவி செல்லோ (பெரிய வயலின்) மாதிரி ஒன்றைக் கம்பால் அடித்துக்கொண்டே இருக்கிறார்! மலைக்குள் யாரோடும் கலக்காமல் வாழ்ந்ததால்தானே இந்த ஹங்கேரிய மரபு பிழைத்தது?

எஸ்., தேனி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது அநேகமாக செர்குலா யானோஷும் அவர் மனைவி ஃபிகோ ரெகினாவும். அந்த வாத்தியத்துக்கு கார்டோன் என்று பெயர். உருவம்தான் செல்லோ, செய்வதெல்லாம் மேளத்தின் வேலை. மரத்தைத் தொட்டி போலக் குடைந்து செய்வார்கள். இடது கை சுரம் பிடிப்பதே இல்லை. வலது கைக் கம்பு தந்திகளின் மேல் விழும். இடது கை ஓரத்துத் தந்தியைச் சுண்டி இழுத்து விட, அது பலகையில் பட்டு 'டப்'பென்று தெறிக்கும். கல்யாண வீட்டில் விடிய விடிய இப்படி அடிக்கக் கை என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'யாரோடும் கலக்காமல்' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜிமெஷ் ஒரு கணவாய். இன்று ருமேனியாவில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியின் எல்லைகளைச் சுருக்கிய 1920 ட்ரியனோன் ஒப்பந்தம் வரை ஹங்கேரியின் கிழக்கு எல்லை அதுதான். அங்கே கொன்டுமாட்ஸ் என்று ஓர் இடம் உண்டு. எல்லை கடப்பவர்களைத் தடுத்து நிறுத்தி வைக்கும் நோய்த்தடுப்பு முகாம் என்பதுதான் அந்தப் பேருக்குப் பொருள். முகாம் போடும் அளவுக்கு ஆள் நடமாட்டம் இருந்த வழியை ஒதுங்கிய மூலை என்று எப்படிச் சொல்வது? 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அங்கே குடியேறியவர்களிலும் சீக் என்ற பகுதியிலிருந்து வந்த செக்கேய் என்னும் ஹங்கேரியப் பிரிவினர் உண்டு, கிழக்கே மால்டாவியாவிலிருந்து மலை தாண்டி வந்த ருமேனியர்களும் உண்டு.

அவர்களுடைய ஆட்டங்களில் ஒன்றின் பெயரே ஃபேலோலாஹோஷ். 'பாதி ருமேனியம்' என்று அர்த்தம். ஒளிக்காமல் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

அப்புறம், மரபு பிழைத்த கதையிலும் வெளியாட்கள் இருக்கிறார்கள். 1972இல் புடாபெஸ்டில் தான்ஸ்ஹாஸ் என்னும் நாட்டுப்புற நடன இயக்கம் தொடங்கியது. அதில் ஈர்க்கப்பட்ட நகரத்து இளைஞர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தேடி வந்து, செர்குலாவைப் போன்றவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

மறுபடி கேட்கும்போது வயலினை விட்டுவிட்டு அந்தக் கம்பின் சத்தத்தை மட்டும் பின்தொடருங்கள். ஆட்டக்காரர்களின் கால் அதைத்தான் கேட்டு நகர்கிறது.