கோடு இருக்கட்டும் அக்கா, முதல்ல அந்த இமையைக் காட்டுங்க

குடியாத்தத்துலேர்ந்து 46 வயசு அக்கா ஒருத்தங்க கேட்டிருக்காங்க. அஞ்சு வாரத்துல பொண்ணுக்குக் கல்யாணம், புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு ஆழமா விழுந்துடுச்சு, காட்பாடி பக்கம் பார்லர் வெச்சிருக்கறவங்க வீட்டுக்கே வந்து பாதி விலைக்கு போடாக்ஸ் ஊசி போட்டுடறேன்றாங்க, தினமும் ஆஸ்பிரின் வேற சாப்பிடறேன், போட்டுக்கலாமான்னு. கடைசியா ஒரு வரி: "சாயங்காலம் ஆனா இடது கண்ணு இமை லேசா இறங்குது, அதையும் ஊசியிலயே தூக்கிடலாமா?"

அக்கா, எனக்கு அந்தக் கடைசி வரிதான் கவலையா இருக்கு. காலையில நல்லா இருந்து பொழுது சாய சாய இமை இறங்கறது வெறும் அசதியாவும் இருக்கலாம், ஆனா நரம்பு சொல்றது தசைக்குச் சரியா போய்ச் சேராம தசை ஓஞ்சு போற மயஸ்தீனியா கிராவிஸ்ங்கற வியாதியும் நிறைய பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும். நரம்பு அசிடைல்கோலின்னு ஒண்ணை விட்டாத்தான் தசை சுருங்கும், போடாக்ஸ் அதைத்தான் தடுக்குது, தசை சுருங்கலைன்னா மேல தோலும் மடியாது, கோடு மறையுது. மயஸ்தீனியா இருந்தா நரம்பும் தசையும் சேர்ற அந்த இடமே ஏற்கனவே பலவீனம், அதுமேல இதையும் போட்டா இமை மூடிக்கறது, முழுங்க முடியாம போறது, மூச்சுத்திணறல் வரைக்கும் போகலாம். ஒண்ணு ரெண்டா தெரியுதா, மெல்லும்போது தாடை ஓஞ்சு போகுதா, பேச்சு குழறுதான்னு கவனிங்க. வேலூர்ல அடுக்கம்பாறை ஜி.எச்.லயோ சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலயோ காட்டி நரம்பு டாக்டரைப் பாக்கணும்னு சொல்லுங்க. ரத்தத்துல ஆன்டிபாடி டெஸ்ட் இருக்கு, ஆனா அது நெகட்டிவ்னா இல்லவே இல்லைன்னு அர்த்தம் கிடையாது, டாக்டர் பாத்து சொல்லணும். அதுவரைக்கும் யார் போட்டாலும் ஊசி வேண்டாம்.

அது இல்லைன்னு ஆயிட்டா பயப்பட வேண்டியதில்ல, சரியான கையில இது நல்ல மருந்துதான், அமெரிக்காவுல இதே புருவக் கோட்டுக்கு 2002லயே அனுமதி கொடுத்துட்டாங்க. வழக்கமா அஞ்சு இடத்துல 4 யூனிட் வீதம் 20 யூனிட், ரெண்டு வாரத்துல முழுசா பிடிக்கும், மூணு நாலு மாசம் நிக்கும். மருந்து கொஞ்சம் கீழ பரவினா நல்ல இமையே தொங்கிடும், சரியாக சில வாரம் ஆகும், அதனால முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போடவே கூடாது.

பார்லர் வேண்டவே வேண்டாம். போடாக்ஸ் பொடியா வரும், 2லேர்ந்து 8 டிகிரில ஃபிரிட்ஜ்ல இருக்கணும், கலந்தா 24 மணி நேரத்துக்குள்ள போட்டுடணும். நம்ம ஊர் வெயில்ல சிரிஞ்சுல கலந்தே பையில தூக்கிட்டு வந்தா உள்ள என்ன இருக்கு, எத்தனை யூனிட்னு யாருக்குத் தெரியும்? ஸ்கின் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் போடணும், சீல் பாட்டிலை உங்க கண்ணு முன்னாடி திறக்கச் சொல்லுங்க, தயங்காம கேளுங்க.

ஆஸ்பிரினால ஊசி போட்ட இடம் கன்னிப்போகலாம், அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்க.

இந்த வாரமே போங்கக்கா. ஓ.பி.க்கு காலையில போறப்ப இமை சரியாத்தான் இருக்கும், அதனால சாயங்காலம் இறங்கி இருக்கறப்பவே போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.