பியூர் டேட்டாவில் 'ஹெல்ப் பேட்ச்' என்றால் என்ன?

மில்லர் பக்கெட் 1990-களில் உருவாக்கிய பியூர் டேட்டா என்ற கணினி மென்பொருளில், திரையில் பெட்டிகளை வயர்களால் இணைத்துத்தான் ஒலியை உண்டாக்குகிறோம்; அப்படி இணைத்த படத்துக்குப் பெயர்தான் பேட்ச். ஒரு பெட்டி புரியவில்லையா, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஹெல்ப் கொடுங்கள், ஒரு பேட்ச் திறக்கும். அதுதான் ஹெல்ப் பேட்ச்.

பெட்டியும் வயருமாக வரைவதை வார்த்தையில் விளக்குவது கஷ்டம், அதனால் விளக்கத்தையே ஓடுகிற பேட்சாகச் செய்துவிட்டார்கள். கடைக்காரர் மிக்சியின் கையேட்டை நீட்டாமல் மிக்சியையே ஓட்டிக் காட்டி, சுவிட்சையும் உங்களிடம் கொடுப்பது மாதிரி. ஆஸ்சிலேட்டர் என்ற, ஒலி அலையை உண்டாக்கும் பெட்டியின் ஹெல்ப்பில் டிஎஸ்பி-யை (ஒலிக் கணக்கீட்டை) ஆன் செய்து, எண் பெட்டியை மவுஸால் மேலே இழுத்தால் சுருதி ஏறுவது கேட்கும் (ஹெட்போன் என்றால் முதலில் வால்யூமைக் குறையுங்கள்). அப்புறம் தேவையான பகுதியை அப்படியே காப்பி செய்து உங்கள் பேட்சில் ஒட்டிக்கொள்ளலாம்.

கைவைத்தால் ஹெல்ப் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சேமிக்காமல் மூடினால் ஒன்றும் மாறாது.