தூண்டில் கேள்வி–பதில்: பாஸ் மீனுக்கு எப்போது பிரெய்டு, எப்போது தங்கூசி?

கேள்வி: புது கேஸ்டிங் ரீலில் 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய தூண்டில் நரம்பு) சுற்றிக் கொடுத்தார்கள். சாம் ரேபர்ன் ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கப் போகிறேன். எல்லா லூருக்கும் (செயற்கை இரைக்கும்) இது ஒன்றே போதுமா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: போதாது. பவுண்டுக் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். தண்ணீருக்குள் என்ன கிடக்கிறது, பாசியா, கட்டையா, கல்லா என்பதுதான் முதல் கேள்வி.

சாம் ரேபர்னில் ஹைட்ரில்லா பாசி நிறைய உண்டு. பாசிக்கு பிரெய்டை மிஞ்ச எதுவும் இல்லை. முள் ஏறியதும் பாஸ் தலைகீழாகப் பாசிக்குள் பாயும். ஒற்றை நைலான் இழையான தங்கூசி நரம்பு அங்கே ரப்பர் போல நீண்டு கொடுக்கும், மீன் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளவே நீளாது. இறுக்கிப் பிடித்தால் மெல்லிய தண்டுகளை அறுத்துக்கொண்டே வரும். பாலிஎத்திலீன் இழை என்பதால் மிதக்கவும் செய்யும். அல்லி இலைகளின் மேல் தவளை லூரை இழுத்துவர இதனால்தான் அது தோதாக இருக்கிறது.

ஆனால் பாசிக்கு 30 பவுண்டு வேண்டாம். தவளைக்கு 50 அல்லது 65 போடுங்கள். அடர்ந்த பாசிப் படலத்தை 1 முதல் 1½ அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டால் துளைத்து இறக்குவதானால் 65. இவ்வளவு எதற்கு, பாஸ் அத்தனை கனமா என்று தோன்றும். மீனின் கனத்துக்காக அல்ல. மெல்லிய பிரெய்டு பலமான இழுவையில், ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் அந்த இடத்தில் படக்கென்று நின்று, லூர் மட்டும் அறுந்து பறக்கும். 65 பவுண்டு பிரெய்டு 16 பவுண்டு தங்கூசியின் தடிமன்தான். அது அப்படிப் புதைவது குறைவு.

முடிச்சுக்குப் பாலோமர் போதும். சாதாரண கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் வழுக்கிக் கழன்றுவிடும். தவளையை மீன் அடித்ததும் உடனே ராடைத் தூக்காதீர்கள். நரம்பில் மீனின் கனம் தெரியட்டும், பிறகு ராடை வெடுக்கென்று தூக்கி முள்ளை ஏற்றுங்கள். நீளாத நரம்பில் அவசரப்பட்டால் தவளை மீனின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

கேள்வி: செயின்ட் கிளேர் ஏரியில் ஸ்மால்மவுத் பாஸுக்குப் போகிறேன். பிரெய்டு போட்டதிலிருந்து கடியே குறைந்துவிட்டது. கடித்தாலும் அறுந்துபோகிறது.
– வாசகர், டெட்ராய்ட்

பதில்: தண்ணீர் தெளிவு, அடியில் கல், அந்தக் கல்மேல் ஜீப்ரா மட்டி. மூன்றும் பிரெய்டுக்கு ஆகாதவை. ஒளி ஊடுருவாத நரம்பு என்பதால் தெளிந்த நீரில் மீன் கண்ணில் படும். இறுகிய நிலையில் மட்டி ஓட்டின் விளிம்பில் உரசினால் இழை இழையாக அறுபடும். பாசியை அறுக்கும் அதே நரம்பு கல்லிடம் தோற்றுவிடுகிறது.

அதற்காக பிரெய்டைத் தூக்கிப்போட வேண்டாம். ஸ்பின்னிங் ரீலில் 10 அல்லது 15 பவுண்டு பிரெய்டு, அதன் முனையில் லீடராக (லூருக்கு முன் கட்டும் துண்டு நரம்பாக) நீரில் எளிதில் தெரியாத 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு 2 முதல் 3 மீட்டர். ஆழத்தில் மீன் லூரைத் தொடுவதை பிரெய்டு விரலுக்குச் சொல்லும், கல்லில் உரசுவதை லீடர் தாங்கும்.

இரண்டையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு மிக மெல்லியது, ராடின் வளையங்களில் தட்டாமல் போகும். பிரெய்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு லீடரின் மேல் மாற்றி மாற்றி 20 சுற்று, பிறகு ஐந்தாறு அரை முடிச்சு. எச்சிலால் நனைத்து, கையில் துணி சுற்றிக்கொண்டு மெதுவாக இழுங்கள். சுற்றுகள் லீடரில் கடித்து உட்கார்ந்ததும் பிரெய்டின் நிறம் சற்றுக் கருத்துத் தெரியும். அந்த நிற மாற்றம் தெரியாவிட்டால் முடிச்சு வழுக்கும், அவிழ்த்து மறுபடி போடுங்கள். படகில் காற்றடிக்கும்போது எஃப்ஜி சரிவராது. அப்போது டபுள் யூனி முடிச்சு: பிரெய்டுப் பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 5.

ஒவ்வொரு மீனுக்கும் பிறகு லீடரின் கடைசி அரை மீட்டரை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த அளவை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: கிராங்க்பெயிட்டில் (இழுத்தால் முங்கி ஆடிவரும் மீன் வடிவ லூரில்) மாட்டும் மீன் கரைக்கு அருகில் வந்து நழுவிவிடுகிறது. 40 பவுண்டு பிரெய்டுதான் போட்டிருக்கிறேன்.
– வாசகர், ஆர்லாண்டோ

பதில்: அந்த பிரெய்டுதான் காரணமாக இருக்கும். கிராங்க்பெயிட்டில் இருப்பவை சின்ன மும்முனை முட்கள். பெரும்பாலும் உதட்டோரத் தோலில்தான் ஏறும். கரையருகே மீன் தலையை உதறும்போது நரம்பு கொஞ்சமும் கொடுக்காவிட்டால் முள் ஓட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். 10 அல்லது 12 பவுண்டு தங்கூசியோ ஃப்ளோரோகார்பனோ போட்டு, வளைந்து கொடுக்கும் ராடில் வீசுங்கள். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கையும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பாப்பர் போன்ற மேல்நீர் லூருக்கு பிரெய்டு போடலாம். ஆனால் தளர்ந்த பிரெய்டு முன்முள்ளில் சுற்றிக்கொள்ளும். ஒன்றரை அடி தடித்த தங்கூசியை லீடராகக் கட்டினால் அந்தச் சிக்கல் வராது. அங்கே ஃப்ளோரோகார்பன் வேண்டாம், அது மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

கேள்வி: டிராக் முழுக்க இறுக்கியும் மீன் இழுத்தால் நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது. ரீல் பழுதா?
– வாசகர், டாலஸ்

பதில்: ரீலைப் பிரிப்பதற்கு முன் ஸ்பூலைப் பாருங்கள். வழவழப்பான பிரெய்டு மொத்தச் சுருளாக ஸ்பூலின் மேல் சுழல்கிறது போலிருக்கிறது. முழுதும் உருவிவிட்டு, முதலில் 10 மீட்டர் தங்கூசி சுற்றி, அதன் மேல் பிரெய்டை ஈரத்துணியால் அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். பழைய பிரெய்டின் முனை வெளுத்து நைந்திருந்தால் தலைகீழாகத் திருப்பிச் சுற்றுங்கள், உள்ளே இருந்த பாதி புதிதாகவே இருக்கும்.

கேள்வி: பழவேற்காட்டில் கொடுவாய்க்கும் இதே கணக்குதானா?
– வாசகர், சென்னை

பதில்: ஆங்கிலத்தில் கொடுவாயையும் ‘சீ பாஸ்’ என்பார்கள், ஆனால் அது வேறு குடும்பத்து மீன். பிரெய்டு நல்லதுதான். லீடர் இல்லாமல் மட்டும் வீசாதீர்கள். கொடுவாயின் செவுள் மூடி கத்தி போல் வெட்டும், சிப்பி ஒட்டிய கற்களும் இருக்கும். 30 முதல் 40 பவுண்டு லீடர் ஒரு மீட்டராவது வேண்டும்.

எந்த ஊரானாலும் ஒன்று: லூர் சிக்கிக்கொண்டால் பிரெய்டை வெறுங்கையில் சுற்றி இழுக்கவே கூடாது, சதையை அறுத்துவிடும். ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றி, ராடை நேராக நீட்டிக் கீழே வைத்துவிட்டு, குச்சியைப் பிடித்துப் பின்னால் நடங்கள்.