செடியைக் கேளுங்கள்: சாப்பாடே கொல்லுமா?

கேள்வி (வாசகி, நீலகிரி எமரால்டு): ஐயா, போன தை மாதம் எங்கள் அரை ஏக்கர் தேயிலையில் உறைபனி விழுந்தது. விடியற்காலையில் மேலே வெள்ளை படிந்திருந்தாலும் இலை பச்சையாகத்தான் இருந்தது. வெயில் ஏறியதும் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. வெயில்தான் செடிக்குச் சாப்பாடு என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். சாப்பாடே கொல்லுமா?

பதில்: சில காலைகளில் கொல்லும் அம்மா.

இலைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. முதல் வேலையில் பச்சையம் வெளிச்சத்தை வாங்கும். அந்த விசையில் தண்ணீர் உடைந்து ஆக்சிஜன் வெளியேறும், ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். என்ற இரண்டு பொருள்களில் ஆற்றல் ஏறி நிற்கும். இரண்டாவது வேலை, அந்த ஆற்றலைச் செலவழித்துக் கரியமில வாயுவைச் சர்க்கரையாகக் கட்டுவது. அதைத் தொடங்கிவைப்பது ருபிஸ்கோ என்ற நொதி. பச்சையத்துக்குக் குளிரும் சூடும் ஒன்றுதான், எந்தக் குளிரிலும் வெளிச்சத்தை வாங்கிவிடும். நொதிகள் அப்படியல்ல, குளிரில் மந்தமாகிவிடும்.

உங்கள் ஊர் ஃபேக்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இலை லாரி லாரியாக வந்து இறங்குகிறது, உள்ளே ரோலர் ஓடவில்லை. குவியலுக்குள்ளேயே இலை சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும் அல்லவா? பனி விழுந்த காலையில் இலைக்குள் அதுதான் நிலைமை. உறைபனி விழும் நாளில் மேகமும் இருக்காது, ஆகவே வெயில் சுள்ளென்று அடிக்கும். வாங்கிய ஆற்றல் போக்கிடம் இல்லாமல் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குப் போய், அதை வீரியம் கூடிய வகைகளாக மாற்றிவிடும். அவை பச்சையத்தையும் செல்லின் சவ்வுகளையும் அரிக்கும்.

பழி முழுவதையும் வெயில்மேல் போட முடியாது. இரவிலேயே இலைக்குள் பனிக்கட்டி கட்டி, செல்லின் நீரை இழுத்து, சவ்வைக் கிழித்திருக்கும். உறைந்திருக்கும்வரை அது வெளியே தெரியாது, உருகிய பிறகுதான் இலை துவண்டு கறுக்கும். கிழக்கு பார்த்த சரிவில் அடி அதிகம் விழுவது, குளிர் விடுமுன்னே அங்கே வெயில் ஏறிவிடுவதால். பள்ளத்தில் அதிகம் விழுவது, கனமான குளிர்க்காற்று இறங்கித் தேங்குவதால்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போட்டு மூடுகிறார்களே, அது இரண்டுக்கும் காப்பு: இரவில் செடியின் சூட்டை வெளியே விடாது, காலையில் வெயிலை நேராக விழவிடாது. அரை ஏக்கரையும் மூட ஆகாது, இளஞ்செடிகளையாவது மூடுங்கள். மற்றவற்றுக்கு வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுங்கள். நல்ல விலை வருகிறதென்று நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள். கருகியதைப் பார்த்த ஆத்திரத்தில் உடனே கவாத்து செய்யவும் வேண்டாம். புதுத்தளிர் வந்தால் அடுத்த பனிக்கு அதுதான் முதல் பலி.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவன், கோத்தகிரி): செடி விடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறதா, தண்ணீரிலிருந்தா?

பதில்: தண்ணீரிலிருந்துதான் தம்பி. 1941இல் அமெரிக்காவில் ரூபன், காமன் குழுவினர் ஆக்சிஜன்-18 என்ற கனமான வகை கலந்த தண்ணீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவில் தண்ணீரிலிருந்த விகிதத்துக்கே அந்த வகை இருந்தது. இதே இருவர்தான் 1940இல் கார்பன்-14 என்ற கதிர்வீசும் கார்பனைக் கண்டுபிடித்தவர்கள். அதை வைத்துத்தான் கால்வின், பென்சன், பாஷம் மூவரும் கரியமில வாயு சர்க்கரையாகும் பாதையைப் படிப்படியாகப் பிடித்தார்கள். 1961இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் போயிற்று. பென்சனை விட்டது அநியாயம் என்பது என் கட்சி. நீ தேர்வில் கால்வின் சுழற்சி என்றே எழுது, மதிப்பெண் அதற்குத்தான்.

கேள்வி (அதே மாணவன்): லாங்வுட் சோலையில் சில மரங்களின் தளிர் சிவப்பாக இருக்கிறது. பச்சையம் இல்லாமல் எப்படிப் பிழைக்கும்?

பதில்: கொஞ்சம் இருக்கும், ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி அதை மறைத்துவிடுகிறது. தளிர் வளர்வதே பெரும்பாலும் முற்றிய இலைகள் அனுப்பும் சர்க்கரையில்தான். சிவப்பு எதற்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. திடப்படாத இலைக்குப் படும் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் என்பார் ஒரு சாரார், தின்ன வரும் பூச்சியை விலக்க என்பார் இன்னொரு சாரார். மேட்டுப்பாளையம் இறங்கினால் மாந்தளிரிலும் இதைப் பார்க்கலாம். அங்கே வேண்டுமானால் ஒன்றைப் பறித்துப் பார். சோலைக்குள் கை வைக்காதே, வனத்துறை சும்மா விடாது.