பூஞ்சை பிடித்த யாஷிகா மேட் 124ஜி: விற்பதற்கு முன்

வணக்கம். தங்கள் தாத்தாவின் யாஷிகா மேட் 124ஜி என்ற, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள் கொண்ட பழைய ஃபிலிம் கேமராவில் பூஞ்சை தெரிவதால், புதுச்சேரி ஞாயிறு சந்தையில் கேட்ட விலைக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

பூஞ்சை எந்த லென்ஸில் இருக்கிறது என்பதே முக்கியம். மேல் லென்ஸ் காட்சியைப் பார்ப்பதற்கு மட்டுமே. படம் பதிவது கீழ் லென்ஸ் வழியாகத்தான். பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) வைத்து முறுக்கி, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்னாலிருந்து கைபேசி விளக்கை அடித்தால், கிளைவிட்ட மெல்லிய நூல்களா, வெறும் தூசியா என்பது தெரிந்துவிடும். லென்ஸைத் தாங்களே கழற்ற வேண்டாம். பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால், எவ்வளவு துடைத்தாலும் அந்தத் தழும்பு போகாது.

கடலூர் போன்ற கடற்கரை ஊரில் தோலுறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், கேமராவை இன்றே வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். உறையைத் தனியே பத்திரப்படுத்துங்கள், அதற்கும் விலை உண்டு.

ஒளிமானி வேலை செய்யவில்லை என்பதற்காக அடிமாட்டு விலைக்கு இறங்காதீர்கள். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. அந்த பேட்டரியின் உற்பத்தியே நின்றுவிட்டதை வாங்குபவர்கள் அறிவார்கள். மாறாக, ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் திணறாமல் மூடுகிறதா என்று பார்த்து, அதையும் பூஞ்சையின் படத்தையும் விளம்பரத்தில் மறைக்காமல் சேருங்கள்.