பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். லைட் பாயிண்டுகளை எப்போது, எப்படி முடிவு செய்வது?

சுவர் பூசுவதற்கு முன்பே. பூச்சு முடிந்தபின் வயர் போகும் பைப் பதிக்கச் சுவரை வெட்டினால் காசும் தண்டம், வீடெல்லாம் தூசி. கட்டிலும் அடுப்பும் எங்கே வரும் என்று தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டு, அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது சமையலறையில். கூரை நடுவில் ஒரே விளக்கு இருந்தால், மேடை முன் நிற்பவரின் நிழல் காய் நறுக்கும் இடத்திலேயே விழும். மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி ஒரு எல்இடி பட்டை போதும். அதற்கான வயரை இப்போதே இழுத்துவிடுங்கள்.

மின்விசிறி இறக்கைக்கு மேலே விளக்கு வந்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். 1200 மி.மீ. விசிறி என்றால் நடுவிலிருந்து இரண்டரை அடியாவது தள்ளி வையுங்கள்.

படுக்கையறைக்கு 3000 கெல்வின் (பல்பு அட்டையில் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) இதமான மஞ்சள் ஒளி. 6500 வெள்ளை போட்டால், என் கண்ணுக்கு ஆஸ்பத்திரி வார்டுதான்.